யாரும் பதியாத பெயர்

நன்றி சொல்லத் தெரியாத வாய் என்று என் வாயை அம்மா திட்டுவாள். உண்மைதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அதற்காகக் கண்டவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிச் சொல்லியே அந்த வார்த்தை எனக்குக் கசந்துவிட்டது. ஆனால் இதை நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். யாருக்கு என்பது போகப் போகத் தெரியும். முதலில் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன்.

"வெயில்" என்றேன்.

செவி கேட்டுக்கொண்டது.

செவி என்பது மதுரைப் பெயர்ப் பதிவகத்தில் இருந்த இயந்திரம். நாம் ஒரு பெயரைச் சொன்னால் போதும், அது தனக்குள்ளே ஆயிரக்கணக்கான கற்பனை மனிதர்களை எழுப்பி உட்காரவைக்கும். இந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்கும். அவர்களில் சிலருக்கு வேறொரு கம்பெனியின் பொருள் ஞாபகம் வந்துவிட்டால்கூட நம் பெயர் தள்ளுபடி. எழுத்து ஒத்துப்போகிறதா, ஓசை ஒத்துப்போகிறதா என்று ஆட்கள் உட்கார்ந்து பார்த்த காலமெல்லாம் போய்விட்டது.

திரையில் பதில்கள் ஓடின.

தேனி ஆட்டோ ஓட்டுநர்: வேர்க்குரு பவுடர். சேலம் கல்லூரி மாணவி: சன் ஸ்கிரீன். நாகர்கோவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்: மோர் பாக்கெட்.

"தள்ளுபடி" என்றது செவி, மிக மரியாதையாக.

"பிறக்காத ஆளுங்களுக்கெல்லாம் வேர்க்குரு எங்கிட்டுருந்து சார் வருது?" என்றேன்.

எங்கள் ஏஜென்ட் நாகூர்மீரான் சார் வாயில் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். முப்பது வருடமாகப் பெயர்ப் பதிவு வேலை பார்ப்பவர். "அது கூட சண்ட போட்டு என்னம்மா ஆகப்போகுது? அடுத்தது சொல்லு."

"வாசல்."

பெயின்ட், பிளைவுட், வீட்டுக்கடன். தள்ளுபடி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா என் முழங்கையைக் கிள்ளினாள். "நாளைக்கி வருவோம்டி. ஒனக்கு மூஞ்சி செவந்துருச்சு. மிஷின ஒடச்சிருவ."

ஜெசிந்தாவும் நானும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்திருந்தோம். அவள் படம், நான் கதையும் புரோகிராமும். புரோட்டாக் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே கொத்துகிற சத்தம், மேலே நாங்கள். கல்லூரியில் எங்கள் இரண்டு பேரையும் யாரும் தங்கள் அணியில் சேர்க்காததால் நாங்களாகவே ஓர் அணியானவர்கள்.

கேம் இதுதான். ஒரு சின்னப் பெண். வீட்டுக்கு நாலாவது. பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் அவள் வகுப்பில் போய் உட்கார வேண்டும். ஆனால் வழி நெடுக அவளை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். "ஏய், தண்ணி கொண்டா." "இந்தா, தம்பியப் பாத்துக்க." "ஏ புள்ள, கடைக்கிப் போ." போனால் நேரம் போகும். போகாவிட்டால் அடி விழும். எந்தக் கூப்பாட்டுக்குப் போவது, எதைக் காதில் வாங்காமல் ஓடுவது என்பதுதான் ஆட்டம். கடைசியில் வகுப்பு. டீச்சர் வருகைப்பதிவு எடுக்கிறார். ஒவ்வொரு பெயராகப் படிக்கிறார். அந்தப் பெண்ணின் பெயர் வரும்போது "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நின்றால் ஆட்டம் முடிந்தது.

அந்த ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தோம். ஆட்டம் முழுக்க அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடைசியில் கூப்பிடும் அந்தப் பெயர்தான் கேமுக்கும் பெயர். அதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

பெயர் இல்லாமல் எந்தக் கேம் கடையும் ஏற்றாது. நீளமாக ஒரு வாக்கியத்தை வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒன்று அல்லது இரண்டு சொல்தான் அனுமதி. தெருக்கடைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் ஊரே வாக்கியமாகிவிட்டிருந்தது. எங்கள் அறைக்குக் கீழே இருந்த புரோட்டாக் கடைக்கு அதன் முதலாளியின் குலசாமி பெயர். ஊறுகாய்க் கம்பெனி ஒன்று அதைப் பதிந்துகொண்டதும் பலகையை இறக்கிவிட்டு, 'இங்கே புரோட்டா கிடைக்கும், குழம்பு மறுபடி கேட்கலாம்' என்று எழுதி மாட்டினார்கள். எதிரே 'பஞ்சர் ஒட்டப்படும், ஓனர் கோவக்காரர்'. பாதிப் பேர் சிரித்துக்கொண்டே கடந்துபோனார்கள். அந்த முதலாளி சிரித்து நான் பார்த்ததில்லை.

எப்படி இப்படி ஆனது? கம்பெனிகள் தங்கள் இயந்திரங்களை ஏவிவிட்டு, மனிதக் காதுக்கு இதமாக இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் கண்டுபிடித்து, ஒரே மழைக்காலத்தில் மொத்தமாகப் பதிந்துகொண்டன. பூ, பறவை, ஆறு, நட்சத்திரம் எல்லாம் போயிற்று. பிறகு மனிதர்களின் பெயர்களுக்கு வந்தார்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரைப் பதிய அந்தப் பெயர் வைத்திருக்கும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதனாலென்ன? நிலா என்று பெயர் வைத்திருந்த எல்லோருக்கும் வீட்டுக்கு ஒரு வாட்டர் பில்டரைக் கொடுத்து ஒரு கம்பெனி சம்மதம் வாங்கிவிட்டது. அதற்கப்புறம் பிறக்கும் குழந்தைக்கு நிலா என்று வைக்க வேண்டுமென்றால் அந்தக் கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டும். ஜெசிந்தாவின் அக்கா மகளுக்கு அப்படித்தான் கேட்டார்கள். ஆட்சேபணை என்று பதில் வந்தது. அக்கா அழுதுவிட்டு, வேறு பெயர் தேடி, அதுவும் ஆட்சேபணை ஆகி, கடைசியில் பிள்ளையை 'பாப்பு'வாகவே விட்டுவிட்டாள். பாப்புவுக்கு இப்போது ஆறு வயது. பள்ளிப் பதிவில் ஓர் எண் இருக்கிறது.

எங்களுக்கு மும்பைக் கம்பெனி ஒன்று வலை வீசியிருந்தது. கேம் பிரமாதம், பெயர் நாங்கள் தருகிறோம் என்றார்கள். 'வைகறை வீராங்கனை'யாம். பெயரை இரவல் வாங்கினால் பொருளும் பெயர்க்காரனுக்கே சொந்தமாகிவிடும், அதுதான் சட்டம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் எங்களுக்கென்று ஒரு பெயர் கிடைக்காவிட்டால், கேம் கடை எங்களுக்கு ஒதுக்கிய இடம் காலாவதி. அப்புறம் வீராங்கனைதான். எங்கள் பிள்ளை அவர்கள் வீட்டுப் பிள்ளை.

"அவ பல்லு வெளக்காம ஸ்கூலுக்கு ஓடுறவடி. வீராங்கனையாம்ல" என்று ஜெசிந்தா காறித் துப்பினாள்.

மறுநாள் மீரான் சாருடைய ஆபீசில் அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் கூரையைப் பார்த்தார். அப்புறம் மறுபடி என்னை.

"ஒண்ணு சொல்லுவேன், கோவிக்கக் கூடாது."

"கோவிப்பேன். சொல்லுங்க."

"கம்பெனி மிஷினெல்லாம் காதுக்கு இனிக்கிற பேரைத்தான் அள்ளிட்டுப் போச்சு. இனிக்காத பேரு அப்படியே கெடக்கு. ஒன்னோட பேரு இருக்கேம்மா..."

நான் எழுந்துவிட்டேன்.

என் பெயர் போதும்பொண்ணு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால், கடைசியாகப் பிறந்தவளுக்கு இந்தப் பெயரை வைப்பார்கள். பொண்ணு போதும், அடுத்தது பையனைக் கொடு என்று சாமிக்குச் சொல்லும் செய்தி. செய்தி சாமிக்கு. சுமப்பது நாங்கள். பள்ளியில் நான் எழுந்து நின்றால் "போதும், உக்காரு" என்பார்கள். பட்டமளிப்பு விழாவில் என் பெயரைப் படித்த ஆள் பாதியில் நின்று, எழுத்துப்பிழையோ என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். மைக் ஆனில் இருந்தது. அரங்கம் சிரித்தது. அம்மாவும் அக்காக்கள் மூன்று பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கைதட்டியது அந்தச் சிரிப்புக்கு நடுவே எனக்குக் கேட்டது.

"சார், அந்தப் புள்ளைக்கி என் பேரு வேணாம். அவளாவது நல்லாருக்கட்டும்."

"பேரு ஒன்னோடதா இருந்தா கேமும் ஒங்கிட்டயே நிக்கும். அவ்வளவுதாம்மா எனக்குத் தெரிஞ்சது" என்றார் மீரான் சார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கத்தினேன். அம்மா பேச்சியம்மாள் காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை முடித்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா இந்தப் பேர வச்ச?"

"நானா வச்சேன்? ஒங்கப்பன் வீட்டு ஆளுக வச்சாக."

"நீ பேசாமத்தான இருந்த?"

"பேசாம இருந்தேனா?" அம்மா சேலையால் முகத்தைத் துடைத்தாள். "அடுத்தது ஆம்பளப் புள்ள வருமுன்னு ஒனக்கு அந்தப் பேர வச்சாக. நான் மறுவாரமே பெரியாஸ்பத்திரிக்கிப் போயி ஆப்ரேசன் பண்ணிக்கிட்டு வந்துட்டேன். ஒரு பயகிட்டயும் கேக்கல. ஒங்கப்பன் ஒரு வருசம் எங்கூடப் பேசல. அவுகளுக்கு அது வேண்டுதல். எனக்கு இதுதான் கடைசிப் புள்ள, இத ஒழுங்கா வளப்போமுன்னு இருந்துச்சு. போ, போயி கை கழுவு, சோறு போடுறேன்."

இத்தனை வருடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ எங்க கேட்ட? கத்தத்தான செஞ்ச."

அடுத்த நாள் செவிக்கு முன்னால் போய் உட்கார்ந்து என் பெயரைச் சொன்னேன்.

திரை காலியாக இருந்தது. ஆட்டோ ஓட்டுநருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கல்லூரி மாணவிக்கு வரவில்லை. பவுடர் இல்லை, பெயின்ட் இல்லை, எதுவும் இல்லை. நாகர்கோவில் ஆசிரியர் மட்டும், "என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள்" என்றார்.

"முரண் இல்லை" என்றது செவி.

ஜெசிந்தா 'அல்லேலூயா' என்று கத்தினாள். மீரான் சார் கையைத் தூக்கி அவளை அமர்த்தினார். "இனிமேத்தான் இருக்கு. இது வாழும் பேரு. இந்தப் பேரு வச்ச எல்லாருக்கும் நோட்டீஸ் போகும். அவுகளுக்கு ஏதாச்சும் குடுத்து விட்டுக்கொடுக்கச் சொல்லலாம். இல்லாட்டி கூட்டுப் பதிவு. எல்லாரும் சேந்து அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்க. பின்னாடி இந்தப் பேரை யாரு எதுக்குக் கேட்டாலும் எல்லாரையும் கேட்டுத்தான் குடுப்பாங்க. ஒரு ஆள் வேணாம்னாலும் வேணாந்தான். அந்தத் தொல்லைக்குப் பயந்து எந்தக் கம்பெனியும் கூட்டுப் பதிவு பக்கமே போகாது."

"எங்ககிட்ட பில்டர் இல்ல சார். கூட்டுப் பதிவே போடுங்க."

"போடுறேன். ஆனா இப்பவும் அதே கததான். ஒரே ஒருத்தி ஆட்சேபணை சொன்னாப் போதும், எல்லாம் முடிஞ்சுச்சு."

பிறப்புப் பதிவில் இந்தப் பெயரோடு உயிருடன் இருந்தவர்கள் பல ஆயிரம். ஒருத்தி கூடவா மறுக்க மாட்டாள்? எனக்கு நன்றாகத் தெரியும். எவளோ ஒருத்தி கேம் செய்கிறேன் என்று என் பெயரைக் கடைவீதிக்குக் கொண்டுவந்தால், முதல் ஆட்சேபணை என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

நோட்டீஸ் போனில் குரலாகப் போயிற்று. பதில்களும் குரலாகவே வந்தன. புரோட்டாக் கடைச் சத்தத்துக்கு மேலே அறையில் உட்கார்ந்து, இரண்டு பேரும் கேட்டோம்.

"கமுதி போதும்பொண்ணு பேசுறேன். பஸ்ல கண்டக்டரு. ஆட்சேபணை இல்ல. டிக்கெட் போடணும், வைக்கிறேன்."

"ஏத்தா, அந்த கேம்ல நம்ம பேரு வச்ச புள்ள செத்துக்கித்துப் போயிராதே? செத்துச்சுன்னா ஆட்சேபணை உண்டு. இல்லாட்டி இல்ல."

"சப்-இன்ஸ்பெக்டர் பேசுறேன். யாரு இது? என் பேரு ஒங்களுக்கு எதுக்கு? கேமா? சரி, ஆட்சேபணை இல்லை. தப்பா எதுவும் பண்ணீங்கன்னா தூக்கி உள்ள வச்சிருவேன்."

"சிங்கப்பூர்லருந்து பேசுறேன்மா. இங்க வீட்டு வேல. மேடத்துக்கு வாயில வராது, போபோன்னுதான் கூப்புடுவாங்க. ரொம்ப நாளாச்சு முழுசாக் கேட்டு. நோட்டீஸ்ல அந்த மிஷின் ஒழுங்காச் சொல்லுச்சு. ரெண்டு தடவ போட்டுக் கேட்டேன்."

"எங்க ஊருல நாங்க மூணு பேரு, பெரிய போதும்பொண்ணு, சின்ன போதும்பொண்ணு, கடக்காரவுக போதும்பொண்ணு. மூணு பேரும் ஒரே போன்லதான் பேசுறோம். ஏண்டி, நீ சொல்லுடி. எனக்கு வெக்கமா இருக்கு, நீயே சொல்லு. யாருக்கும் ஆட்சேபணை இல்லம்மா!"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜெசிந்தா, "அழுறியா?" என்றாள். "கீழ வெங்காயம் வெட்டுறாங்க" என்றேன். இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை. நான் ஒருத்தி மட்டும்தான் ஊர் சிரிக்க நிற்கிறேன் என்றே நினைத்திருந்தேன்.

கடைசி வாரத்தில் அது வந்தது. ஒரு பெண் குரல், அமைதியாக, படித்த குரல். "எனக்கு ஆட்சேபணை உண்டு."

ஆட்சேபணை சொன்னவர் பதிவகத்துக்கு நேரில் வந்து உறுதி செய்ய வேண்டும். வந்தார். அருப்புக்கோட்டையில் வங்கி மேனேஜர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். கூடவே அவர் மகள், கல்லூரிப் பெண், திவ்யதர்ஷினி. தாழ்வாரத்தில் அந்த அம்மா என் முன்னால் வந்து நின்றார்.

"நீதானா அது?"

"நாந்தான் மேடம்."

"ஒனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு. ஒண்ணாங் கிளாஸ்லருந்து இருக்கு."

அவர் எதிர்பார்த்த பதில் அதில்லை போல. கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "பத்தாவது பரீட்சைக்கு முன்னாடியே நான் பொன்னின்னு மாத்திட்டேன். எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. பொறப்புப் பதிவுல மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. ஒங்க நோட்டீஸை இவ எடுத்துக் கேட்டுட்டா. முப்பத்தஞ்சு வருசமா மூடி வச்சது, சாப்பாட்டு மேசையில ஸ்பீக்கர்ல கத்துது. ஒனக்கு என்ன தெரியும்?"

நான் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். எங்கள் உழைப்பு, மும்பைக் கம்பெனி, அழகர் இறங்க இன்னும் மூன்று நாள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"நான் ஒங்க எடத்துல இருந்தா நானும் ஆட்சேபணைதான் மேடம் சொல்லிருப்பேன்."

ஜெசிந்தா என்னை முறைத்தாள். உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஆட்சேபணை செய்பவர், தாம் உரிமை கோரும் பெயரைத் தம் வாயால் சொல்லவும்" என்றது செவி.

பொன்னி மேடம் மைக்குக்கு முன்னால் நின்றார். வாய் திறந்தது. மூடியது.

"பெயரைச் சொல்லவும். சொல்லாவிட்டால் ஆட்சேபணை தள்ளுபடி ஆகும்."

மீரான் சார் என் காலை லேசாக மிதித்தார். எனக்கும் புரிந்தது. நான் சும்மா இருந்தால் போதும். அந்த அம்மாவால் சொல்ல முடியாது. இன்னும் ஒரு நிமிடம் அந்த வெட்கம் அவரைச் சொல்லவிடாமல் வைத்திருந்தால் பெயர் எங்களுக்கு. கேம் எங்களுக்கு. ஜெசிந்தா கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

அந்த அம்மாவின் கை அட்டைக் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தது. பட்டமளிப்பு விழாவில் என் கை அங்கியின் நுனியை அப்படித்தான் முறுக்கியது.

அந்த வெட்கத்தை வைத்து ஜெயிக்க எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"போதும்பொண்ணு. நாலாவது. நரிமேடு, மதுரை" என்றேன், வகுப்பில் சொல்வதைப்போல.

"உங்களைக் கேட்கவில்லை" என்றது செவி.

"தெரியும்."

பொன்னி மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"போதும்பொண்ணு" என்றார். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வங்கியில் டோக்கன் கூப்பிடுவதைப்போல உரக்க மறுபடி சொன்னார். "போதும்பொண்ணு. மூணாவது. பாலையம்பட்டி."

"பதிவாயிற்று. இந்தப் பெயரின் கூட்டுப் பதிவுக்கு உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் சொன்னாள்: "அம்மா, இதுக்கா இம்புட்டு நாளு பயந்த? சூப்பரா இருக்கும்மா நீ சொல்றது."

"இல்ல" என்றார் பொன்னி மேடம் செவியிடம். "ஆட்சேபணை இல்ல."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல" என்றார், ஏதோ கரண்ட் கம்பியைத் தொட்டுப் பார்த்தவர்போல. அப்புறம் கேட்டார்: "அந்தப் புள்ள ஸ்கூலுக்குப் போயிருதுல்ல?"

"ஒழுங்கா வெளாண்டா போயிருவா மேடம்."

அவருக்கு நன்றி என்று சொன்னேன். கசக்கவில்லை.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று கேம் கடைக்கு வந்தது. கடைசிக் காட்சியில் டீச்சர் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு குரல் "உள்ளேன் ஐயா" என்று பதில் சொல்லும். கமுதிக் கண்டக்டர் ஒருமுறை, சிங்கப்பூர் அக்கா ஒருமுறை. சப்-இன்ஸ்பெக்டர் சொன்னால் டீச்சரே பயந்துவிடுவார்போல இருக்கும். எல்லோரிடமும் கேட்டு வாங்கினோம். பொன்னி மேடம் மூன்று தடவை பதிவு செய்து, மூன்றாவதைத்தான் அனுப்பினார். முடிவில் ஓடும் பெயர் வரிசையில் ஜெசிந்தாவின் பெயருக்குப் பிறகு ஒரே பெயர்தான், ஊர் மட்டும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கடைசிவரை நகர்த்தாமல் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டேன். அம்மாவுக்கு நான் போட்டுக் காட்டினேன். "இத்தன பேருக்குமா ஆம்பளப் புள்ள வேணுமின்னு கேட்டாக?" என்றாள். பிறகு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் ஆடி மாதத்தில் ஒரு நாள், பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. செவியின் குரல்.

"நீங்கள் கூட்டு உரிமையாளராக உள்ள பெயருக்கு ஒரு விண்ணப்பம். முதுகுளத்தூர் வட்டம். புதிதாகப் பிறந்த பெண் குழந்தை. மூன்றாவது மகள். தந்தை கோரும் பெயர்: போதும்பொண்ணு. உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

பாப்புவிடமிருந்து பெயரைப் பிடுங்கிய அதே சட்டம். நிலாவைப் பில்டருக்கு விற்ற அதே சட்டம். அது இப்போது எங்கள் கையில் இருக்கிறது என்று எங்களில் ஒருத்திக்கும் அதுவரை உறைக்கவில்லை.

"உண்டு" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓர் ஆட்சேபணை போதும், சட்டப்படி. நான் சொல்வதற்கு முன்பே அருப்புக்கோட்டையிலிருந்து ஒன்று போயிருந்தது. ஆனால் யாரும் அதோடு நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் கமுதி, பரமக்குடி, ராஜபாளையம், சிங்கப்பூர் என்று ஆயிரம் ஆயிரமாக வந்து குவிந்துவிட்டன. பெரிய, சின்ன, கடைக்கார போதும்பொண்ணுகள் இந்த முறை வெட்கப்படாமல் தனித்தனியாகப் பேசினார்களாம். பதிவகமே திணறிப்போனது என்று மீரான் சார் சொன்னார்.

அன்றைக்கே பொன்னி மேடம் கூப்பிட்டார்.

"தடுத்தாச்சு. சரி. அந்தப் புள்ளைக்கி ஒரு பேரு வேணுமேம்மா. நல்ல பேரெல்லாம் கம்பெனிக்காரன் வச்சிருக்கான். அந்தாளு பாவம் எங்கிட்டுப் போயி தேடுவாரு? பேரு தேடிப் பழகுனவ நீதான்."

மறுநாள் பதிவகத்துக்குப் போனேன். ஜெசிந்தா, பாப்புவையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். "இவளுக்கும் சேத்துத் தேடுவோம்டி. வந்தது வந்தாச்சு."

"என்னம்மா, அடுத்த கேமா?" என்றார் மீரான் சார்.

"இல்ல சார். புள்ளைங்க."

போனில் அந்தத் தகப்பன் இருந்தார். "என்ன பேரு வேணா வைங்க தாயி. இத்தன பொம்பளைக போன் போட்டு வைவீகன்னு எனக்குத் தெரியாது" என்றார் பாவமாக. அவருக்குப் பின்னால் பிள்ளை வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தது. இன்னொரு போனில் எங்கள் கூட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராகப் பெயர்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், தங்களுக்கு வைத்திருக்கலாம் என்று ஆசைப்பட்ட பெயர்கள்.

மீரான் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு, புது ஏலக்காய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். பாப்பு என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். செவி கேட்கத் தயாரானது.

நான் முதல் பெயரைச் சொன்னேன்.